‘கல்யாணம் ஆயிடுச்சா?’

மனநல ஆலோசகரின் அறையில் முதல் ஐந்து நிமிடம் படிவம் நிரப்புவதில் போகும். பெயர், வயது, ஊர், வேலை. அடுத்த வரி: கல்யாணம் ஆயிடுச்சா? கேட்பவர் மனதில் எந்தத் தப்பான எண்ணமும் இருக்காது. கேட்கப்படுபவர்களில் பெரும்பாலோர் ‘ஆச்சு’ என்றோ ‘இன்னும் இல்ல’ என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிலருக்கு மட்டும் அந்த இடத்தில் மூச்சு ஒரு கணம் நிற்கும்.

காஞ்சிபுரத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் கொஞ்சம் கூடுதல். ஊரின் பிழைப்பே கல்யாணத்தில்தான் இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் காந்தி ரோட்டுக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. யாரோ ஒரு வீட்டுப் பெண்ணின் கூறைப்புடவை, பிள்ளையார்பாளையத்தில் இன்னொரு வீட்டின் குழித்தறியில் நாள்கணக்கில் நெய்யப்பட்டுக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்கும் ஒரு பெண் இருப்பாள். அவளுக்கும் வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படி ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 25. அப்பா கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்கிறவர். இவள் தறியில் உட்காரவில்லை; ஊரின் மற்ற இளைஞர்களைப் போல கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. வேண்டுதல் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, அம்மா ஆலோசகரிடம் அழைத்து வந்திருக்கிறார். இவள் விரும்புவது உடன் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை. அந்த அறையில் இது இவளுக்கு மட்டுமே தெரியும். கல்யாணம் ஆயிடுச்சா என்ற கேள்விக்கு அம்மாவே பதில் சொல்கிறார்: “பாத்துக்கிட்டிருக்கோம் மேடம்.” ஆலோசகர் சிரிக்கிறார். “நல்ல இடமா அமைஞ்சா தூக்கமும் தானா வந்துடும்மா.”

இவள் இரண்டாம் முறை வரப்போவதில்லை.

அந்த ஆலோசகரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ‘உங்களுக்குத் தன்பாலீர்ப்பாளர்கள் மேல் வெறுப்பு உண்டா?’ என்று கேட்டால், இல்லவே இல்லை என்பார். அது பொய்யும் இல்லை. இந்த அத்தியாயம் அவரைப் பற்றியது. நல்ல மனம் இருந்தும் வேலை தெரியாமல் போவது எப்படி, அந்த வேலைதான் என்ன, அதைக் கற்க முடியுமா என்பதைப் பற்றியது.

முதலில், ‘இது நோயா’ என்ற பழைய கேள்வியை முடித்துவிடுவோம். அறிவியல் அதற்கு விடை சொல்லி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1950களில் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தன்பாலீர்ப்பை நோய் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் சிறையிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் வந்தவர்கள். எவலின் ஹூக்கர் என்ற உளவியலாளர், அவருடைய மாணவர் ஒருவர் தூண்டிவிட்டதில், யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். சிகிச்சை எதிலும் இல்லாத, தம் பாட்டுக்கு வேலைக்குப் போய்வரும் 30 தன்பாலீர்ப்பு ஆண்களைத் தேடிப் பிடித்தார். வயது, படிப்பு, அறிவுத்திறன் ஆகியவற்றில் அவர்களுக்கு இணையாக எதிர்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரையும் சேர்த்தார். எல்லோருக்கும் ரோர்ஷாக் மைத்தடச் சோதனை உட்பட மூன்று சோதனைகள். பெயரையும் அடையாளத்தையும் மறைத்துவிட்டு முடிவுகளை மட்டும் அந்தத் துறையின் பெரிய கைகளிடம் கொடுத்தார். அவர்களில் ப்ரூனோ க்ளோப்ஃபர் ரோர்ஷாக் சோதனையில் முதன்மை நிபுணர் என்று கருதப்பட்டவர். யார் மனநலத்தில் எப்படி என்று மதிப்பெண் போடுங்கள், பிறகு ஒவ்வொரு ஜோடியிலும் தன்பாலீர்ப்பாளர் யார் என்று சொல்லுங்கள் என்று அவர்களிடம் ஹூக்கர் கேட்டார். மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. ஆளைக் கண்டுபிடிப்பதிலோ, காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு சரியாக வந்திருக்கும். 1957இல் இது வெளியானது.

1973இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1990இல் எடுத்தது. இங்கே 1980களின் தொடக்கத்தில்கூட இந்திய மனநல மருத்துவ இதழில், நடத்தைச் சிகிச்சையால் தன்பாலீர்ப்பை ‘மாற்றுவது’ பற்றிய கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. இந்திய மனநல மருத்துவச் சங்கம் இது நோயல்ல என்று பகிரங்கமாக அறிவித்தது 2018இல். அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தவர்களின் சம்மத உறவை விடுவித்தது.

மாற்ற முடியுமா என்ற கேள்வியிலும் ஒரு கதை உண்டு. 1973 முடிவுக்கு முக்கியக் காரணமாக இருந்த ராபர்ட் ஸ்பிட்ஸர் என்ற மனநல மருத்துவர், 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாறிவிட்டதாகச் சொல்லிக்கொண்ட 200 பேரைத் தொலைபேசியில் பேட்டி கண்டு, சிலரால் மாற முடிகிறது போலிருக்கிறது என்று எழுதினார். உலகம் முழுக்க ‘மாற்றிக் காட்டுகிறோம்’ என்று கடை விரித்தவர்களுக்கு அது பெரிய விளம்பரமாகப் போயிற்று. 2012இல் அவரே, அந்த 200 பேரும் சொன்னதைச் சரிபார்க்க வழியில்லாத ஆய்வு அது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இடையில் 2009இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு, அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் புரட்டிவிட்டு, மாற்ற முடியும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை, தீங்கு நேரும் வாய்ப்பு உண்டு என்று சொல்லிவிட்டது.

ஆக, நோய் புத்தகத்திலிருந்து போய்விட்டது. அறையிலிருந்து போயிற்றா என்பதுதான் கேள்வி.

2005இல் மார்க்கஸ் பிடெல் என்ற ஆய்வாளர் ஓர் அளவுகோல் தயாரித்தார். தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உடையவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தகுதி ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்க 29 வாக்கியங்கள். அவற்றை மனப்பான்மை, அறிவு, திறன் என்று மூன்றாகப் பிரித்திருந்தார். மாணவர்களும் பயிற்சியாளர்களும் மனப்பான்மையில் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். அறிவில் அதைவிடக் குறைவு. திறனில் எல்லாவற்றையும்விடக் குறைவு. ‘எனக்கு யார் மேலும் வெறுப்பு இல்லை’ என்பது முதல் பாடத்தில் தேர்ச்சி, அவ்வளவுதான். தறிக்காரர் வீட்டில் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்: மனசு சுத்தமாக இருந்தால் மட்டும் கோர்வை விழுந்துவிடாது. கரையும் உடலும் கூடுகிற இடத்தில் நாடாவை எப்படி வாங்கிக் கொடுப்பது என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

திறன் இல்லாவிட்டால் என்ன நடக்கிறது? 2011இல் கிம்பர் ஷெல்டனும் எட்வர்ட் டெல்காடோ ரொமேரோவும் இதை ஆலோசனைக்குப் போனவர்களிடமே கேட்டார்கள். சிகிச்சைக்குப் போய்வந்த 16 பேர் சொன்னதில் அப்பட்டமான வசை கிடையாது. எல்லாம் சின்னச் சின்ன இடறல்கள். வேலை போன கவலையோடு போனால், பிரச்சினை எல்லாவற்றுக்கும் வேர் உன் ஈர்ப்புதான் என்று அங்கேயே போய் நிற்கும் ஆலோசகர். அதற்கு நேர்மாறாக, வாடிக்கையாளர் வாயைத் திறந்து சொன்ன பிறகும் காதில் விழாதது போலப் பேச்சை மாற்றும் ஆலோசகர். எனக்கும் அப்படி ஒரு ஃபிரெண்டு உண்டு என்று அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்பவர். இந்த வழியில் போனால் வாழ்க்கை கஷ்டம் என்று அக்கறையோடு எச்சரிப்பவர். கடைசி ஆள் நம்மூரில் அதிகம் என்பது என் எண்ணம். அக்கறைக்கும் மிரட்டலுக்கும் நடுவே உள்ள கோடு நம் வீடுகளிலேயே அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

இருபாலீர்ப்பு உடையவர்களுக்கு வேறொரு தொல்லை. ஆணையும் பிடிக்கும், பெண்ணையும் பிடிக்கும் என்று ஓர் இளைஞன் சொன்னால், ஆலோசகர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்: “அப்போ பிரச்சினையே இல்லையே தம்பி, ஒரு பொண்ணைப் பாத்துக் கட்டிக்க.” கணக்குப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். ஆனால் அவன் வந்தது யாரைக் கட்டிக்கொள்வது என்று கேட்பதற்கு இல்லாமல் இருக்கலாம். உள்ளே இருப்பதை யாரிடமும் சொல்ல முடியாத களைப்பு அது. அந்தக் களைப்பின் மேல் இன்னொரு ரகசியத்தை, இந்த முறை மனைவியிடமிருந்து மறைக்க வேண்டிய ரகசியத்தை, வைத்துக் கட்டி அனுப்புகிறார் ஆலோசகர்.

இந்தக் களைப்புக்கு அறிவியல் விளக்கம் உண்டு. இலான் மேயர் 2003இல் விரிவாக எழுதிய சிறுபான்மை அழுத்தக் கோட்பாடு சொல்வது இதுதான்: ஈர்ப்பினால் மனநலம் கெடுவதில்லை, அதைச் சுற்றி ஊர் நடந்துகொள்ளும் விதத்தால் கெடுகிறது. வெளியிலிருந்து வரும் கேலி, அடி, வேலையிழப்பு ஒரு பக்கம். எப்போது தெரிந்துவிடுமோ என்ற ஓயாத உஷார், மறைப்பதற்கே செலவாகும் சக்தி, ஊர் சொல்வதைத் தானே நம்பித் தன்னையே வெறுப்பது ஆகியவை இன்னொரு பக்கம். நம் பிள்ளையார்பாளையத்துப் பெண்ணின் மூன்று மாதத் தூக்கமின்மையை இந்தக் கண்ணாடியில் பார்த்தால், மாத்திரைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் தெரியும். வீட்டில் வரன் பேச்சு எப்போது தொடங்கியது? போன் யார் கையில் இருக்கிறது? இரவு எந்த நேரத்தில் விழிப்பு வருகிறது, அப்போது எதை நினைத்துப் பயம்?

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை ஊரறியப் படித்தவர் ஒரு நீதிபதி. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், வீட்டில் எதிர்ப்பு வந்ததும் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் இரு தரப்பிலும் ‘பெண்ணைக் காணவில்லை’ என்று போலீஸில் புகார் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக, 2021இல் வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் வித்யா தினகரன் என்ற உளவியலாளரிடம் அனுப்பினார். இதுவரை வழக்கமான நடைமுறைதான். அடுத்து அவர் செய்ததுதான் புதிது. அந்த ஆண்டு ஏப்ரலில், இந்த விஷயத்தை நான் முழுதாகப் புரிந்துகொண்டவனில்லை, தீர்ப்பின் சொற்கள் மூளையிலிருந்து வராமல் உள்ளத்திலிருந்து வர வேண்டும், அதற்கு எனக்கே பாடம் வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதினார். அதே உளவியலாளர் முன் மாணவராகப் போய் உட்கார்ந்தார். ஜூன் 7ஆம் தேதி தீர்ப்பு வந்தது.

உளவியலாளரின் அறிக்கையில் இருந்ததாகத் தீர்ப்பு சொல்லும் விவரங்கள் சாதாரணமானவை, அதனாலேயே முக்கியமானவை. அந்தப் பெண்களுக்குத் தங்கள் உறவைப் பற்றி எந்தக் குழப்பமும் இல்லை. பெற்றோர் மேல் பாசம் நிறைய இருக்கிறது. பயம் ஒன்றே ஒன்று: வற்புறுத்திப் பிரித்துவிடுவார்களோ என்பது. பெற்றோருக்கோ ஊர் என்ன பேசும் என்ற பயம், பெண்ணின் பாதுகாப்பு பற்றிய கவலை, வம்சம் என்னாகும் என்ற குழப்பம். இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிட மகள் காலமெல்லாம் தனியாகவே இருந்துவிடலாம், அதுதான் கௌரவம் என்று நினைக்கும் அளவுக்குப் போயிருந்தார்கள். ஒரு திறமையான ஆலோசகர் அறையில் செய்ய வேண்டியது இதுதான்: பாசத்தையும் பயத்தையும் தனித்தனியாகப் பிரித்து எடுத்து வைப்பது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பெழுதும் வேலை அவருடையதில்லை.

அந்தத் தீர்ப்பு, ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சையான கன்வர்ஷன் தெரபிக்குத் தடை போட்டது. அதில் ஈடுபடும் நிபுணர்களின் உரிமத்தைப் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. அதைத் தொடர்ந்து, 2022 ஆகஸ்ட் 25 அன்று தேசிய மருத்துவ ஆணையம், கன்வர்ஷன் தெரபி தொழில்முறை ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. மருத்துவப் பாடநூல்களில் இருந்த இழிவான பகுதிகளும் கேள்விக்கு உள்ளாயின. எல்லாம் நேர்கோட்டில் போனது என்று நினைத்துவிட வேண்டாம். 2024 ஆகஸ்ட் இறுதியில் அதே ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில், பெண்களுக்கிடையிலான உறவு ‘இயற்கைக்கு மாறான குற்றங்கள்’ வரிசையில் தடய மருத்துவப் பாடமாகத் திரும்பி வந்து நின்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் செப்டம்பர் முதல் வாரத்தில் திரும்பப் பெற்றார்கள். ஒரு வாரக் கூத்துதான். ஆனாலும் அந்த வரியை யாரோ ஒருவர் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார், வேறு யாருடைய கண்ணிலும் அது உறுத்தவில்லை என்பதை மறக்க முடியவில்லை.

இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. மருத்துவ ஆணையத்தின் கை எட்டுவது மருத்துவர்களை மட்டும். மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள். மீதிப் பேர்? ஆறு மாத டிப்ளமா படித்துவிட்டு ‘கவுன்சிலிங் சென்டர்’ என்று போர்டு மாட்டினால் கேட்க ஆளில்லை. துணைநிலைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவர வழி வைத்திருக்கிறது. நடைமுறை ஆமை வேகத்தில் இருக்கிறது. இல்லாத உரிமத்தைப் பறிப்பது எப்படி?

இதைவிட உருப்படியான கருவி, பலரும் முழுதாகப் படித்திராத 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். ஒருவர் வாழும் சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, மத நம்பிக்கைகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது அதன் 3ஆம் பிரிவு. பாலீர்ப்பின் பேரில் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்கிறது 18ஆம் பிரிவு. 23ஆம் பிரிவு ரகசியக் காப்பு. கோயில் நகரத்து ஆலோசகர் ஒருவர் மூன்றாம் பிரிவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

ரகசியக் காப்பு என்பது புத்தகத்தில் ஒரு வரி, பிள்ளையார்பாளையத்தில் அது பெரும்பாடு. வீடும் தறியும் ஒன்று. பாவு தோய்க்கும்போது தெருவே கூடும். சங்கத்தில் கூலி வாங்கப் போனால் பங்காளி நிற்பார். ஆலோசகரின் கிளினிக் வாசலில் நின்ற டிவிஎஸ் வண்டி யாருடையது என்று சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். சென்னை சுமார் 75 கிலோமீட்டர். அங்கே போனால் யாருக்கும் தெரியாது, ஆனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம், வீட்டில் தனியாகப் பேச ஓர் அறை இருந்தால்.

மேலைநாட்டுக் கையேடுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் தடுக்கி விழும் இடமும் இதுதான். வெளிப்படையாகச் சொல்லிவிடு, பாரம் இறங்கும் என்பது அங்கே பரவலான அறிவுரை. இங்கே ஓர் ஆலோசகர் அந்த அறிவுரையைத் தருமுன், சொன்ன அன்று இரவு இவள் எங்கே படுப்பாள் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். இது வெறும் பயமில்லை. வேலூர் மாவட்டப் போலீஸ் சம்பந்தப்பட்ட ஓர் ஆட்கொணர்வு வழக்கில், 25 வயதுப் பெண் ஒருவர் தன்னை வீட்டுக்குக் கட்டாயமாக இழுத்துப் போய் அடித்ததையும், ‘சரியாக்க’ சடங்குகள் செய்யவைத்ததையும் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் முன் சொன்னார். 2025 மே 22 அன்று அவரை அவர் விருப்பப்படி போக விட்ட அமர்வு, கல்யாணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழி இல்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது.

இனி அறைக்குள் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தேர்ந்த ஆலோசகர் படிவத்தை வேறு விதமாக நிரப்புவார். “வீட்ல யார் யார் இருக்கீங்க? உங்களுக்கு ரொம்ப நெருக்கமானவங்க யாரு?” அவ்வளவுதான்; ஆணா பெண்ணா என்பது கேள்வியிலேயே இல்லை. அம்மாவிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, “எல்லாரையும் கொஞ்ச நேரம் தனியா பாக்கறது எங்க வழக்கம்மா” என்று வெளியே உட்கார வைப்பார். ‘எங்க வழக்கம்’ என்ற சொல் முக்கியம். உங்கள் பெண்ணிடம் மட்டும் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் வராது. இங்கே பேசுவது அம்மாவுக்குப் போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு என்று பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிடுவார். அவள் ‘ஒரு ஃபிரெண்டு’ என்று தொடங்கினால், ‘பையனா?’ என்று கேட்கமாட்டார். “அவங்களைப் பத்திச் சொல்லுங்க” என்பார். சொல்வதற்கு அவளுக்கு மூன்று அமர்வுகள் பிடிக்கலாம், பிடிக்கட்டும்.

இவை நடித்துப் பழக வேண்டிய திறன்கள். மும்பையின் மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் சில ஆண்டுகளாக இதற்கென்றே ஒரு பயிற்சி நடத்துகிறது. அதைச் சொல்லித்தருபவர்கள் தாங்களும் பால்புதுமையினரான (குயர்) மனநலப் பணியாளர்கள். அப்படி ஒன்று தமிழிலேயே, மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை செய்பவர்களுக்குக் கட்டாயமாக நடந்தால் எவ்வளவோ மாறும். உளவியல் பாடத்திட்டத்தில் ஓர் அலகைச் சேர்ப்பதால் மட்டும் நடக்காது. படிப்பு அறிவை ஏற்றும். கைப்பழக்கம் மேற்பார்வையில்தான் வரும்.

எல்லாவற்றிலும் கடினமானது அம்மாவின் கேள்வி. ஒரு நாள் மகளே சொல்லிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அம்மா தனியாக வந்து கேட்கிறார்: “இதை மாத்த முடியுமா மேடம்?” முடியாது என்று சொல்லிவிடுவது சரியான பதில். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்பவர் பாதி வேலைதான் பார்த்திருக்கிறார். முடியாது, முயன்றால் கேடு, இது உங்கள் வளர்ப்பின் குறையில்லை என்று மூன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவதைத்தான் அந்த அம்மா கேட்க வந்திருப்பார். அதற்குப் பிறகு அழுகை இருக்கும். அதற்கும் பிறகு, அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, உண்மையான கேள்வி வரும்: “நான் போனப்புறம் இவளுக்கு யாரு இருக்கா?”

உளவியல் புத்தகங்களில் இதற்குப் பதில் இல்லை. இங்கே ஆலோசகருக்குக் கொஞ்சம் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். சடங்கு இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை 1967இல் சட்டமாக்கிய அண்ணா, இதே காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் தன்பாலினத் திருமணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று இடம் கொடுக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சேர்ந்து வாழ்பவர்கள் குடும்ப உறவுப் பத்திரம் ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வழி செய்யலாம் என்று தமிழக அரசுக்கு யோசனை சொன்னார். 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம், தன்பாலின இணையர் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கத் தடையில்லை, துணையை நாமினியாகவும் போட்டுக்கொள்ளலாம் என்று தெளிவுபடுத்தியிருக்கிறது. அம்மா அந்தக் கடைசி விவரத்தை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லலாம். கிளைக்குப் போய் எந்தப் படிவம் கேட்க வேண்டும் என்று சேர்த்தே எழுதித் தர வேண்டும்.